அஸ்வெசும எடுப்பது எப்படி, அதோடு ஒரு தொழிலைப் பிடிப்பது எப்படி: வன்னிக் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

விசுவமடுவில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஓர் ஆச்சி இருக்கிறார். 2022 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் காசுக்கு விண்ணப்பம் போட்டார், பிறகு விவரம் எடுக்க ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தது. வந்த பிள்ளைக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டு, சந்திக் கடையில் கடனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, "வருமானம் எப்படி ஆச்சி?" என்று கேட்டதற்கு, "கடவுளே எண்டு ஒரு குறையும் இல்லைப் பிள்ளை, மகன் அனுப்புவான்" என்று சொல்லியிருக்கிறார். மகன் காசு அனுப்பி அப்போது எட்டு மாதம். பட்டியல் வந்தது, ஆச்சியின் பெயர் இல்லை.

எங்கள் சனத்திடம் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பொதுசன உதவிப் பணத்தையே "பிச்சைச் சம்பளம்" என்று சொல்லிப் பழகிய ஊர், வீட்டுக்கு வந்தவர் முன்னால் இல்லாமையைக் காட்டுவது மானக்கேடு என்று வளர்ந்த சனம். மாதர் சங்கத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலை என் கையில் இருப்பதால், எத்தனை பேர் தகுதி இருந்தும் வாயால் கெட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாக வாசியுங்கள், வாசிக்கத் தெரியாத அயலவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இது என்ன காசு

அஸ்வெசும என்பது 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வருகிற கொடுப்பனவு. 2023 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, முன்பு சமுர்த்தி நிவாரணமாகக் கிடைத்த காசுக்குப் பதிலாக வந்தது. நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை, எங்கள் பக்கத்தில் அதன் வேலைகள் எல்லாம் பிரதேச செயலகம் வழியாகத்தான் நடக்கின்றன. கிராம அலுவலரான ஜி.எஸ்ஸோ வேறு யாருமோ தன் கையிலிருந்து எடுத்துத் தருகிற காசு இல்லை, சட்டத்தில் உள்ள உரித்து. அதைக் கேட்டுப் போகும்போது குனிந்து நிற்க வேண்டியதில்லை.

தொடங்கும்போது நான்கு வகுப்புகள் வைத்தார்கள்: நிலைமாறும் குடும்பங்களுக்கு மாதம் 2,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, வறிய குடும்பங்களுக்கு 8,500, மிக வறிய குடும்பங்களுக்கு 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து வறியவர்களுக்கு 10,000, மிக வறியவர்களுக்கு 17,500 என்று கூட்டினார்கள். எல்லா வகுப்புக்கும் கால எல்லை உண்டு. மேலே சொன்ன கடைசி இரண்டு வகுப்புக்கும் 2023 ஜூலை 1 இலிருந்து மூன்று வருடம் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். ஆகவே "ஒருக்கால் பெயர் வந்துவிட்டது, இனிச் சாகும்வரைக்கும் வரும்" என்று இருக்க வேண்டாம். இந்தக் காசு வருகிற காலத்துக்குள் வீட்டில் ஒருவருக்காவது கையில் ஒரு தொழில் வர வேண்டும், அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

யாரைத் தெரிவு செய்வது என்பதை ஒருவர் தன் மனம்போல் முடிவு செய்வதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதி, அதற்குள் 22 குறிகாட்டிகள். நீங்கள் சொல்கிற ஒவ்வொரு பதிலும் புள்ளியாக மாறிக் கணினிக்குப் போகிறது. கணினிக்கு உங்கள் வீட்டு அடுப்பு தெரியாது, நீங்கள் சொன்னதுதான் தெரியும்.

முதல் வேலை: காகிதங்கள்

இதற்குத்தான் எங்கள் பக்கத்தில் ஆகக் கூடுதல் நேரம் போகிறது. கொழும்பில் இருக்கிறவருக்குப் பிறப்புச் சான்றிதழ் அலுமாரியில் இருக்கும். எங்களில் பலருக்கு அது 2009 இல் இறுதி யுத்தத்தில் மாத்தளனோடும் முள்ளிவாய்க்காலோடும் போய்விட்டது. தப்பி வந்ததும் எப்படி வந்தது என்றால், பொலித்தீன் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, கடைசியில் நான்காக மடித்த ஒரு தாள், மடிப்பில் எழுத்து அழிந்து, அப்பாவின் பெயரில் பாதிதான் தெரியும். அப்படியான தாளை எடுத்துக்கொண்டு கவுண்டரில் நின்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் கோருகிற நாள்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள். பிறப்பு, விவாகம், இறப்பு என்று எது பதிந்திருந்தாலும் அதன் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் கேட்டு எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பிறந்த திகதியும் இடமும் சொன்னால் தேடிப் பார்ப்பார்கள். தேடியும் பதிவே இல்லை என்றால் அதற்கு ஒரு கடிதம் தருவார்கள், அந்தக் கடிதத்தை வைத்துத்தான் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போக முடியும். இது மாதக்கணக்கில் இழுக்கும்.

அடையாள அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, ஆகவே அதுதான் முதலில். தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு ஜி.எஸ். மூலமாக விண்ணப்பியுங்கள். வவுனியாவில் ஆட்பதிவுத் திணைக்களத்தின் மாகாண அலுவலகம் இருப்பதால் அவசரம் என்றாலும் கொழும்புக்கு ஓட வேண்டிய தேவை குறைவு. பிள்ளைகளுக்கு 15 வயது வந்ததும் எடுத்துவிடுங்கள்.

கணவர் காணாமல் போன வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாமல், "அவர் வருவார்" என்று இருக்கிற அக்காமார் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களை இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. 2016 இல் சட்டத்தில் செய்த திருத்தத்தின் பிறகு, ஆள் இறந்தார் என்று எழுதாமல் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் கேட்டால் விளக்குவார்கள். எது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். வீட்டில் இல்லாத கணவரின் பெயரைத் தலைவராக எழுதி, பிறகு அவருக்குக் கையொப்பமும் இல்லை, கணக்கும் இல்லை என்று அலைந்த வீடுகள் இருக்கின்றன.

இவற்றோடு மின்சாரப் பட்டியல், காணிப் பேமிற் அல்லது உறுதியின் பிரதி, பிள்ளைகளின் பாடசாலை விவரம், நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பி. எல்லாவற்றிலும் மூன்று போட்டோக்கொப்பி. அசல் எதையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

படிவமும் வீட்டுக்கு வருகிறவரும்

விண்ணப்பம் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, கட்டம் கட்டமாகக் கோருவார்கள். முதற்கட்டம் 2022 இல், இரண்டாம் கட்டம் 2024 பெப்ரவரியில் தொடங்கியது. திறக்கும்போது ஜி.எஸ். அலுவலக அறிவிப்புப் பலகையிலும் பிரதேச செயலகத்திலும் போடுவார்கள், சிலவேளை அந்தக் காலம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். வயலுக்கோ கடலுக்கோ போய்விட்டு வந்து பார்க்கும்போது முடிந்துபோயிருக்கும். மாதத்தில் ஒருமுறை ஜி.எஸ்ஸிடமோ சமுர்த்தி உத்தியோகத்தரிடமோ "புதிதாக விண்ணப்பம் ஏதும் வருகிறதா" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பூநகரி, மாந்தை கிழக்கு மாதிரி வீடும் அலுவலகமும் தூரமான இடங்களில் ஒருவர் போனால் பத்து வீட்டுக்கும் கேட்டு வரலாம்.

ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பம் இருப்பது எங்களிடம் சாதாரணம். மகள் கலியாணம் முடித்து அதே வளவில் தனிக் கொட்டில் போட்டு, தனி உலை வைத்தால் அது தனிக் குடும்பம். இரண்டையும் சேர்த்து ஒரு படிவத்தில் எழுதினால் இரண்டு வீட்டுச் சொத்தும் ஒரு கணக்கில் விழும்.

அப்புறம், வீட்டுக்கு வந்து விவரம் எடுக்கும் நாள். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

வீட்டுத்திட்ட வீடு இருக்கிறவர்களுக்குப் பெரிய சிக்கல் இதில்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தார்கள். அந்தக் காசுக்குள் சுவரும் கூரையும் முடிந்தது, பல வீடுகளுக்கு உள்பூச்சு இல்லை, யன்னலுக்குத் தகரம், அறைக் கதவுக்குப் பழைய சேலை. றோட்டிலிருந்து பார்த்தால் கல்வீடு. "வீடு?" என்று கேட்டால் நீங்களும் "கல்வீடு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். நிலம் சீமெந்தா மண்ணா, மலசலகூடம் பாவிக்கக்கூடியதா, தண்ணீர் சொந்தக் கிணறா அடுத்த வளவா, கூரை ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வீட்டை யார் கட்டித் தந்தது என்பதையும் சொல்லுங்கள்.

வருமானத்தைச் சொல்லும்போது நல்ல மாதத்தைச் சொல்லாதீர்கள், கெட்ட மாதத்தையும் சொல்லாதீர்கள், வருடத்தைச் சொல்லுங்கள். காலபோகத்தில் அரிவி வெட்டுக்கும் களை பிடுங்கவும் கூலி இருக்கும், பிறகு சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. "நாளுக்கு இவ்வளவு கூலி" என்று மட்டும் சொன்னால் எழுதுகிறவர் அதை முப்பதால் பெருக்கிவிடுவார். ஒரு பழைய கொப்பியில் எந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று எழுதி வைத்திருந்தால் அதையே காட்டலாம். வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்தால், அனுப்புகிறதா, எப்போது கடைசியாக அனுப்பியது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஆச்சி சொன்ன "அனுப்புவான்" என்ற சொல்தான் அவருக்கு வினையாகியது.

பொய்யும் வேண்டாம். மோட்டார் சைக்கிளை மாமா வீட்டில் கொண்டுபோய் விடுவது, நகையை இல்லை என்பது எல்லாம் பிறகு ஆட்சேபனை வந்தால் மொத்தப் பெயரையும் வெட்டிவிடும். பாவம், உண்மையாகவே இல்லாத இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டிய இடத்தை நாங்கள் பிடித்ததாகவும் ஆகும்.

விவரம் எடுத்து முடிந்ததும் உங்கள் குடும்பத்துக்கான இலக்கத்தையும் கியூ.ஆர். குறியீட்டையும் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து, தாளிலும் எழுதி வையுங்கள். போன் தண்ணீரில் விழும், தாள் இருக்கும்.

பெயர் வராவிட்டால், குறைந்த வகுப்பில் வந்தால்

பட்டியல் போட்ட பிறகு மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் காலம் தருவார்கள். மேன்முறையீடு என்பது "எனக்குத் தகுதி இருக்கிறது" என்று நீங்கள் கேட்பது, ஆட்சேபனை என்பது தகுதியில்லாத ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது என்று சொல்வது. இரண்டாவதில் பக்கத்து வீட்டுக் கோபத்தைத் தீர்க்கப் போகாதீர்கள், ஊர் இரண்டுபடும்.

மேன்முறையீட்டில் "நான் ஏழை, தயவுசெய்து உதவுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதிப் பயனில்லை. எந்த விவரம் பிழையாகப் போயிருக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் ஆச்சிக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: மகனிடமிருந்து இந்த மாதத்துக்குப் பிறகு பணம் வரவில்லை, வங்கிப் புத்தகப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது, வயது இவ்வளவு, பிரஷர், சீனி இரண்டுக்கும் கிளினிக் போகிறார், கொப்பிப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது, வீட்டில் வேறு உழைப்பாளி இல்லை. நான்கு வரி. கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகத்தில் "வையுங்கோ, பார்ப்பம்" என்றார்கள், நானும் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் அப்படி ஒரு கடிதமே இல்லை என்றார்கள். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை. மறுபடி போட்டோம், ஆச்சிக்குக் கிடைத்தது, ஆனால் இடையில் போன மாதங்கள் போனதுதான்.

நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் நிலைமையைக் கேட்கலாம். கேட்கும்போது குடும்ப இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கையில் இருக்கட்டும். எங்கும் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். "எனது மேன்முறையீடு எந்த நிலையில் உள்ளது, என்ன காரணத்தால் நிராகரிக்கப்பட்டது" என்று எழுதி அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கொடுக்கலாம். 14 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். இதைக் கொடுத்தால் கோபிப்பார்களோ என்று பயப்படுகிறார்கள் எங்கள் சனம். கோபித்தாலும் பதில் எழுதத்தான் வேண்டும்.

வங்கி

பெயர் வந்ததும் பிரதேச செயலகம் தருகிற கடிதத்தைக் கொண்டுபோய் அரச வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும், இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி என்று எது பக்கமோ அது. படிவத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக் கூட மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள், காசு வராமல் நிற்கிற பல பிரச்சினை இந்த ஓர் எழுத்தில்தான்.

ஏ.ரி.எம். அட்டையைக் கடைக்காரரிடமோ நுண்கடன் சேர்க்க வருகிறவரிடமோ அடமானமாகக் கொடுக்காதீர்கள். "அட்டையும் பின் நம்பரும் தாங்கோ, நாங்களே எடுக்கிறம்" என்று கேட்டால் எழும்பிப் போகச் சொல்லுங்கள். "அஸ்வெசும போனஸ் வந்திருக்கு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கோ" என்று அழைப்பு வந்தால் வெட்டிவிடுங்கள். படிவம் நிரப்பித் தந்ததற்குக் காசு கேட்கிறவருக்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள்.

விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வந்தால் அலட்சியம் வேண்டாம், புதுப்பிக்காமல் விட்டால் நிற்கும். பிள்ளை பிறந்தால், ஆள் இறந்தால், வீடு மாறினால் அதையும் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை

குறைந்த வருமானக் குடும்பத்தில் 70 வயது தாண்டியவர் இருந்தால் முதியோர் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளிக்கு ஒன்று, சிறுநீரக நோயாளிக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியோருக்கு 3,000 இலிருந்து 5,000 ஆகவும், மற்ற இரண்டுக்கும் 7,500 இலிருந்து 10,000 ஆகவும் கூட்டினார்கள். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை, கிளினிக் அட்டை இருந்தும் இந்தக் கொடுப்பனவைக் கேட்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

அஸ்வெசும வீட்டுப் பிள்ளைகளுக்கு 2025 இல் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபா கொடுத்தார்கள். கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல உத்தியோகத்தரிடம் போஷாக்கு உதவியும் திரிபோஷா சத்துமாவும் கேட்டு வாங்குங்கள். வயல் செய்கிறவர்கள் கமநல சேவை நிலையத்தில் பதிந்திருந்தால்தான் உர மானியம் கணக்குக்கு வரும். 2024/25 காலபோகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, ஆகக் கூடியது இரண்டு ஹெக்டேயர் வரை. குத்தகைக்குச் செய்கிறவர்கள் காணிக்காரரோடு விதைப்புக்கு முன்னமே பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

தொழில்

சிலர் என்னிடம், "வேலைக்குப் போனால் அஸ்வெசும வெட்டுப்படும், இருக்கிறதை ஏன் கெடுப்பான்" என்று சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகக் கூடிய வகுப்புக்கே 17,500 ரூபா. சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் கூடியிருக்கிறது. அதோடு தெரிவு 22 குறிகாட்டிகளை வைத்து நடப்பது, சம்பளம் ஒன்றை மட்டும் வைத்து அல்ல.

பிரதேச செயலகத்தில் மனிதவலு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். அஸ்வெசுமவுக்கு வரிசையில் நிற்கிற அதே கட்டடத்தில், பெரும்பாலும் மூன்று மேசை தள்ளித்தான் இருப்பார், ஆனால் அவரிடம் ஆள் போவதில்லை. வேலை தேடுகிறவராகப் பதிந்தால் தொழிற்சந்தை நடக்கும்போதும், பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போதும் கூப்பிடுவார்.

சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளை என்றால் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலோ, நைட்டா என்ற அரச பயிலுநர் பயிற்சி அதிகாரசபை மூலம் ஒரு வேலைத்தளத்தில் பயிலுநராகவோ சேரலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாகனம், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் என்று நல்ல கருவிகளோடு படிப்பிக்கிறார்கள். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி. எங்கு சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "முடிவில் என்.வி.கியூ. சான்றிதழ் வருமா, எத்தனையாவது மட்டம்?" என்பது. என்.வி.கியூ. என்றால் தேசிய தொழிற்தகைமை. மட்டம் ஏழு வரை இருக்கிறது. என்.வி.கியூ. இல்லாத ஆறு மாதத் தனியார் கோர்சுக்கு அஸ்வெசும காசைக் கட்டாதீர்கள்.

வயது போனவர்களுக்கும் வழி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. பதினைந்து வருடம் மேசன் வேலை செய்தவர் திரும்ப வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. முன்அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. தருகிற முறை உண்டு, நைட்டா மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். எங்கள் ஊர் மேசன் அண்ணை ஒருவர், தான் கட்டிய வீடுகளுக்கு முன்னால் நின்று மகளின் போனில் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு கடிதம் வாங்கி, ஒரு கோவையாகக் கட்டிக்கொண்டு போனார். மதிப்பிடுகிறவர் முன்னால் ஒரு மூலைக் கல் வைத்து, தூக்குக்குண்டு பிடித்துக் காட்டச் சொன்னார்களாம். அந்தச் சான்றிதழோடு இப்போது கொந்தராத்துக்காரரிடம் "மேசன்" கூலியாக அல்லாமல் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறார். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கும் அதே சான்றிதழ் உதவும், ஆனால் முகவர் யாராக இருந்தாலும் காசு கொடுக்க முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

காமன்ஸுக்கோ (ஆடைத் தொழிற்சாலை) கடைக்கோ வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் நியமனக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதி என்று 8 வீதம் வெட்டியிருந்தால், முதலாளி தன் பங்கு 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். வெட்டிவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்களும் இருக்கின்றன, ஆகவே உங்கள் உறுப்பினர் இலக்கத்தை முதல் மாதமே கேட்டு எழுதி வையுங்கள். கட்டவில்லை என்று தெரிந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் சம்பளச் சீட்டோடு முறைப்பாடு கொடுக்கலாம், முத்திரை குத்திய பிரதியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும்.